லிஃப்ட்டில் நூற்ற கம்பளி

எங்கள் அலுவலகத்தில் இருப்பது பழைய காலத்து லிஃப்ட். கம்பிக் கதவை இழுத்து மூடி, பித்தளைக் கைப்பிடியைத் திருப்பினால்தான் நகரும். அதற்கென்று ஓர் ஆள் வேண்டும். பதினேழு வருடமாக அது ஒரே ஆள்தான். எல்லோரும் லிஃப்ட்டக்கா என்போம். கைப்பிடியைப் பார்த்தபடி முக்காலியில் உட்கார்ந்திருப்பார். ஏறுகிறவர்களுக்கு அவருடைய முதுகும் கொண்டையும்தான் தெரியும். நான் மூன்றாம் மாடியில் தட்டச்சு வேலை பார்க்கிறேன். ஆறு வருடமாக அந்த முதுகிடம்தான் "மூணு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தது, அவரிடம் விளக்கம் கேட்கும் மெமோவை நானே அடித்து முடித்த பிறகுதான். அதற்கு அப்புறம் மதியச் சாப்பாட்டு நேரங்களில் அவர் சொன்னதுதான் இதெல்லாம்.

நாலடிக்கு நாலடி பெட்டி. ஜன்னல் கிடையாது. "மேல போனா கீழ வரணும், கீழ வந்தா மேல போகணும். பதினேழு வருஷத்துல எங்கயும் போய்ச் சேர்ந்ததில்ல" என்றார் ஒருமுறை, சிரிக்காமல்.

தரைத்தளத்தில் கம்பளி அடைத்த மெத்தைகள் விற்கும் கடை ஒன்று உண்டு. நாலு வருடத்துக்கு முன்னால் அங்கே கீழே கிடந்த சீவிய கம்பளியில் ஒரு பிடி எடுத்துவந்து, சும்மா விரலால் திரித்துப் பார்த்திருக்கிறார். நூலாக வந்தது. அன்று சாயங்காலமே கைபேசியில் தேடிப் பார்த்து, தக்ளி என்ற சின்னக் கைக்கதிரில் எப்படி நூற்பது என்று கற்றுக்கொண்டார். அவர் கணவர் தையல் கடையில் துணி வெட்டுகிறவர். காலியான நூல்கண்டுச் சக்கரத்தில் ஒரு குச்சியைச் செருகி அவரே தக்ளி செய்து கொடுத்தார். அடுத்த வாரத்திலிருந்து லிஃப்ட்டில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அக்காவின் முழங்கால்களுக்கு நடுவே தக்ளி சுற்றியது. மேலே கிளம்பும்போது தக்ளி கொஞ்சம் கனக்கும், நிற்கும்போது லேசாகும் என்பார். அதனால் நூலில் அங்கங்கே தடிப்பு விழும். யாராவது ஏறினால் தக்ளி மடியில் முந்தானைக்குள் போய்விடும். எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

வீட்டில் இருப்பது ஓர் அறையும் சமையல் இடமும். துவைத்த நூலெல்லாம் ஜன்னல் கம்பியிலிருந்து கதவு வரை தொங்கும். கணவர் குனிந்து குனிந்து நடப்பார். "நம்ம வீட்ல ஆடு மட்டும்தான் இல்ல. அதையும் கூட்டிட்டு வந்துட்டா நான் வெளிய படுத்துக்குவேன்" என்பார். ஆனால் நூல் திருவிழா என்று ஒன்று நடக்கப்போவதைத் துண்டுத்தாளில் பார்த்து வந்து சொன்னதும் அவர்தான். கையால் நூற்றவர்கள், சாயம் போடுகிறவர்கள், பின்னுகிறவர்கள் எல்லோரும் ஒரு பெரிய மண்டபத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாள் கடை போடுவார்களாம்.

அக்கா சனிக்கிழமைக்கு விடுப்பு கேட்டார். மாற்று ஆள் இல்லை என்று மேலாளர் மறுத்துவிட்டார். மேலாளருக்கு நாலாவது மாடி. பதினொரு வருடமாக தினமும் காலையில் ஏறி "நாலு" என்பார். வேறொரு வார்த்தை பேசியதில்லை. அக்காவுக்கோ இடம் பதிவாகிவிட்டது, வளையமாகச் சுற்றிக் கட்டிய அறுபத்திரண்டு சிட்டம் நூல் பெட்டியில் தயாராக இருந்தது. சனிக்கிழமை காலையில் கணவரைவிட்டுப் பேசச் சொல்லி, காய்ச்சல் என்று அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பினார். அவருடைய வேலைக்காலத்தில் அதுதான் முதல் பொய்.

மண்டபத்தில் அவருக்குக் கிடைத்தது கடைசி வரிசையின் மூலை. பின்னால் சுவர், இடப்பக்கம் தூண், முன்னால் மேஜை. வலப்பக்கம் மட்டும்தான் வெளியே வர வழி. அங்கே ஒரு சாயக்காரர் கடை போட்டிருந்தார். வஞ்சனை இல்லாத மனிதர், பேச்சும் ஆளும் பெரியது. அவருடைய இரும்புச் சட்டம் நிறைய நூல் தொங்கியது. இடம் போதாமல் அந்தச் சட்டத்தை அக்காவின் வழியில் நகர்த்தி வைத்துவிட்டார்.

"உங்களுக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்லயேக்கா?"

"இல்லீங்க."

இல்லை என்று சொன்னது ஏன் என்று அவருக்கே தெரியாது. அதற்கப்புறம் வெளியே வரவேண்டும் என்றால் மேஜைக்கு அடியில் தவழ்ந்துதான் வரவேண்டும். சேலையோடு, அத்தனை பேர் முன்னால். அதனால் இரண்டு நாளும் தண்ணீரைக் குறைத்துக்கொண்டார். கணவர் மதியம் சோற்றுப் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டுக் கடைக்கு ஓடிவிடுவார்.

"லிஃப்ட்ல இருந்தாலாவது கதவு என் கையில இருக்கும்" என்றார் என்னிடம்.

சனிக்கிழமை முழுக்க ஜனங்கள் வந்தார்கள். நூலைத் தொட்டார்கள், கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள், அழகாக இருக்கிறது என்றார்கள், நகர்ந்தார்கள். ஒரு பெண்மணி இரண்டு புரியா மூன்று புரியா என்று கேட்டு, பதிலைக் காதில் வாங்காமலே போனார். யாராவது நின்றால் அக்காவுக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. அன்று ஐந்து சிட்டம் போனது. அதில் இரண்டைச் சாயக்காரரே எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு பதினொரு மணி வாக்கில், எதிர் வரிசையில் ஒரு வழுக்கைத் தலை தெரிந்தது. தினமும் நாலாவது மாடியில் இறங்கிப் போகிற அந்தத் தலையை எங்கே பார்த்தாலும் அக்காவுக்குத் தெரியும். மேலாளர். பக்கத்தில் அவர் மனைவி, கையில் பின்னல் ஊசிகள் துருத்திக்கொண்டிருக்கும் பை. கடை கடையாக நின்று, எதையும் விடாமல் பார்த்துக்கொண்டு, இந்த மூலையை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

அக்கா சுவரைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். இரும்புச் சட்டத்தை மெல்லத் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை, மேலிருந்து நாலைந்து நூல்தான் அவர் தலையில் விழுந்தது. சட்டென்று உட்கார்ந்து மேஜைக்கு அடியில் காலிப்பெட்டிகளுக்கு நடுவே ஒடுங்கிவிட்டார். மேஜை விரிப்பு தரைவரை தொங்கவில்லை. நாலு செருப்புக் கால்கள் வந்து நிற்பது தெரிந்தது. போகவில்லை.

"இது நல்லா இருக்குங்க. ஆளைக் காணோமே" என்றது பெண்குரல்.

"வேற கடை பாரேன்" என்றது மேலாளர் குரல்.

அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு, போங்க, போயிடுங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது சாயக்காரர் உதவிக்கு வந்தார். "அக்கா கீழதான் இருக்காங்க, ஏதோ எடுக்கறாங்க. அக்கா, ஆள் வந்திருக்காங்க பாருங்க" என்று மேஜையைத் தட்டினார்.

இனி என்ன செய்வது. கையில் அகப்பட்ட ஒரு சிட்டத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். மேலாளருக்கும் அவருக்கும் நடுவே இரண்டடி மேஜை. மேலாளர் நேராக அவர் முகத்தைப் பார்த்தார். மாட்டிக்கொண்டோம் என்று அக்கா தலையைக் குனிந்தார். ஒன்றும் நடக்கவில்லை. தலையை நிமிர்த்தினால், அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார், பேருந்து நிறுத்தத்தில் எதிர்ச் சுவரைப் பார்ப்பதுபோல.

"தப்பிச்சேன்னு நிம்மதியா இருந்திருக்கணும். உண்மையைச் சொன்னா, ஒரு நிமிஷம் இருந்துச்சு" என்றார் அக்கா.

மனைவி நூலை விரலால் வருடிக்கொண்டே கேட்டார். "அங்கங்க கொஞ்சம் தடிமனா வருதே, வேணும்னே அப்படி நூத்தீங்களா?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் மேலாளர் பதில் சொன்னார். "மெஷின் இல்லல்ல. இவங்கள்லாம் எங்கயோ மலைப்பக்கம் ஆடு மேய்க்கிற இடத்துல இருந்து வர்றவங்க. வேற வேலை இருக்காது. உக்காந்து நூத்துக்கிட்டே இருப்பாங்க."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கொஞ்சம் பரிவாகவே சொன்னாராம். அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

"உங்க ஆபீஸ்லதான் சார் நூத்தேன்" என்றார். "லிஃப்ட்ல."

மேலாளருக்குப் புரியவில்லை. அக்கா திரும்பி, சுவரைப் பார்த்து நின்று, கொண்டையைக் காட்டினார். "நாலு" என்றார், அவர் சொல்வது போலவே.

மனைவி சிரித்துவிட்டார். மேலாளரின் காது சிவந்தது. "நேத்து உங்களுக்குக் காய்ச்சல்னு சொன்னாங்க. நான் நாலு மாடி ஏறினேன்" என்றார்.

"ஆமா சார். பொய்தான் சொன்னேன்."

அவர் கூட்டத்துக்குள் நடந்து போய்விட்டார். மனைவி மட்டும் நின்று, அந்தத் தடிப்பு விழுந்த நூலாகப் பார்த்து ஆறு சிட்டம் எடுத்துக்கொண்டு, "அவர் கோபம் எனக்குத் தெரியும், வேகமா வரும், சீக்கிரம் போகாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை மெமோ என் மேஜைக்கு வந்தது. பொய்யான காரணம் சொல்லி விடுப்பு எடுத்தது, பணி நேரத்தில் சொந்த வேலை செய்தது என்று இரண்டு குற்றச்சாட்டு. தக்ளியை இனி அலுவலக வளாகத்துக்குள் கொண்டுவரக்கூடாது என்றும் இருந்தது. அடித்து முடித்துவிட்டு நானே கீழே எடுத்துப் போனேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். "எழுத்து நல்லா தெளிவா இருக்கு. நீதான் அடிச்சியா?" என்றார். தலையாட்டினேன்.

அன்றிலிருந்து தக்ளி வருவதில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முதல் மாதம் ரொம்பக் கஷ்டப்பட்டார். விரல்கள் சும்மாவே ஒன்றை ஒன்று தேய்த்துக்கொண்டிருக்கும். நிழலைத் திரிக்கிறாரோ என்று தோன்றும். வீட்டில் காலையில் ஒரு மணி நேரம் நூற்கிறார். அதில் தடிப்பே விழுவதில்லையாம், சப்பென்று இருக்கிறதாம். மேலாளர் லிஃப்ட்டில் ஏறுவதை நிறுத்திவிட்டார். மூச்சு வாங்கப் படியேறி வருகிறார். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று எல்லோரிடமும் சொல்கிறார்.

ஏறுகிறவர்கள் முகம் தெரியும்படி முக்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்ளச் சொன்னோம் நாங்கள் சிலர். திருப்பினால் கைப்பிடி எட்டவில்லை. மறுபடி பழையபடியே போட்டுக்கொண்டார்.

அடுத்த நூல் திருவிழாவுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அக்கா இடம் பதிவு செய்துவிட்டார், இந்தமுறை நடு வரிசை. விடுப்புக் கடிதத்தை என்னிடம்தான் அடிக்கக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் சொந்த வேலை என்று போடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். கையால் நூற்ற நூல் விற்க, அப்படின்னே போடு" என்றார்.

கடிதம் நாலாவது மாடிக்குப் போய்ப் பதினெட்டு நாள் ஆகிறது. மேலாளர் மறுக்கவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை.