ஏரிக்கரை ஊரில் ஒரு வீடு கேட்டேன்

வெள்ளிக்கிழமை தோறும் செண்பகவல்லி அம்மன் சந்நிதிக்கு விளக்கேற்ற வரும் அக்கா, தங்கைகள் எல்லோருக்கும் முத்துச்செல்வி சொல்லிக்கொள்வது. உங்களோடு அந்தப் பிராகாரத்தில் பல வருஷம் உட்கார்ந்து எழுந்தவள் நான். என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

எனக்கு வந்த நோயின் பெயர் பொறாமை. என் ஓரகத்தி கவிதாமேல் பொறாமை.

என் வீட்டுக்காரர் சண்முகம் மூத்தவர். கோவில்பட்டியில் ஒரு நூல் மில்லில் எலெக்ட்ரிக்கல் வேலை. கொழுந்தன் கம்ப்யூட்டர் படித்துவிட்டுக் கவிதாவோடு கனடா போய்விட்டார். டொராண்டோவுக்குக் கிழக்கே, ஏரிக்கரை ஓரமாக ஒரு புறநகர். அங்கே சொந்த வீடு. கவிதா வாரம் ஒரு போட்டோ அனுப்புவாள். என் மாமியார் கடலை மிட்டாய் வாங்கப் போன கடையில்கூடப் போனை எடுத்து நீட்டுவார்.

"பாத்தியளா, எங்க சின்ன மருமவ வீடு. பின்னால தெரியுதே, அது கடலு இல்ல, ஏரியாம்."

பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். பெரிய மருமகள் என்று யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்து அந்தப் போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். திரைச்சீலை என்ன நிறம், அடுப்பில் எத்தனை பர்னர், எல்லாம் எனக்கு மனப்பாடம். அன்றைக்குச் சோறு இறங்காது.

பிறகு இவருக்கும் வழி பிறந்தது. டொராண்டோவுக்கு மேற்கே ஒரு ஊரில் பிஸ்கட் தொழிற்சாலை. அதன் மெஷின்களைப் பழுதுபார்க்கும் வேலை. குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். இவர் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே வீடு பார்க்கலாம் என்றார். பஸ் இருக்கிறது, எங்கள் மகள் பூரணி பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்விடலாம் என்றார். நான் காதில் வாங்கவில்லை.

"போனா உங்க தம்பி இருக்குத ஊருக்குத்தான். இல்லன்னா நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்" என்றேன்.

கவிதாவுக்குப் போன் போட்டேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு.

"அக்கா, இந்த ஊரு உங்களுக்குச் சரிப்படாது. அத்தான் வேலை செய்யுத இடத்துக்குப் பக்கத்துலயே பாருங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் ஊருக்கு நான் வரக்கூடாதாமே! அந்த வெள்ளிக்கிழமை சந்நிதியில் நின்று கேட்டேன். "தாயே, அவள் தெருவிலேயே எனக்கு ஒரு வீடு கொடு." ஒவ்வொரு வாரமும் இதையேதான் கேட்டேன்.

அம்மன் கொடுத்தாள். கேட்டபடியே கொடுத்தாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். கவிதா இருக்கும் தெருவிலேயே வாடகைக்கு இடம் அமைந்தது. ஆனால் எங்கள் வசதிக்குக் கிடைத்தது தரைக்குக் கீழே இருக்கும் பகுதிதான். பேஸ்மென்ட் என்பார்கள். ஜன்னல் கூரையை ஒட்டி மேலே இருக்கும். அதில் ஏரி தெரியவில்லை. தெருவில் நடப்பவர்களின் செருப்புத்தான் தெரிந்தது. போட்டோ எடுத்து மாமியாருக்கு அனுப்ப ஒரு மூலை கிடைக்கவில்லை. கவிதா வீட்டு வாசலில் நின்றுகொண்டு எடுத்து அனுப்பினேன்.

அங்கே கார் இல்லாமல் காய்கறிகூட வாங்க முடியாது. இருந்த ஒரு பழைய காரை இவர் எடுத்துக்கொண்டு விடியுமுன் கிளம்புவார். நகரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும். சாதாரண நாளில் ஒன்றரை மணி நேரம், பனிக்காலத்தில் எவ்வளவு என்று சொல்ல முடியாது. திரும்பி வரும்போது கண்கள் சிவந்திருக்கும். ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை. பூரணிக்குப் பேச்சுத்துணை இல்லை. நானோ, கவிதா வீட்டில் புதிதாக என்ன வாங்கினார்கள் என்று கவனித்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் இருந்தபோது போட்டோவைப் பார்த்து எரிந்தவள், பக்கத்தில் வந்தபின் அவள் வீட்டுக் கதவுச் சத்தத்துக்கே எரிந்தேன்.

பொங்கல் கழிந்த வாரம். மத்தியானத்திலிருந்தே பனி கொட்ட ஆரம்பித்தது. இவர் வேலை முடிந்ததும் எப்போதும்போலப் போன் செய்தார். "கிளம்பிட்டேன் செல்வி. மெதுவாத்தான் வருவேன், பயப்படாத."

அதற்குப் பிறகு போன் இல்லை. வழக்கமாக வரும் நேரம் போனது. கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். ஜன்னலைப் பனி மூடிவிட்டது. செருப்புகளும் தெரியவில்லை. டிவியில் லாரிகள் கவிழ்ந்து கிடப்பதைக் காட்டினார்கள். போலீசுக்குப் பேசினேன். நம்பரைக் குறித்துக்கொண்டார்கள், காத்திருங்கள் என்றார்கள். பூரணி என் சேலையைப் பிடித்துக்கொண்டு "அப்பா எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கதவு தட்டும் சத்தம். ஓடிப்போய்த் திறந்தேன். கவிதா. தலையெல்லாம் பனி. பூரணி போன் போட்டுச் சொன்னாளாம், முழங்கால் அளவு பனியில் நடந்தே வந்திருக்கிறாள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்போதும் எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? இவள் புருஷன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறான், பத்திரமாக இருக்கிறான். என் புருஷன்தான் ரோட்டில் கிடக்கிறார். அந்த நிமிஷம் எரிந்த மாதிரி நான் என்றைக்கும் எரிந்ததில்லை.

"உனக்கென்னட்டி, எல்லாத்தையும் அம்மன் உனக்கே கொடுத்திட்டா" என்று கத்திவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. ஈரக் கோட்டோடு கீழே உட்கார்ந்தாள்.

"என்னத்தக்கா கொடுத்தா? ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு டீ வேணும்னு எனக்கு மெசேஜ் அனுப்புதாவ உங்க கொழுந்தன். கதவு சாத்தியே கிடக்கும். நாள் முழுக்க நான் பேச ஆளில்ல. நீங்க வந்தா என் லட்சணம் அத்தைக்குத் தெரிஞ்சிரும்னுதான் வராதீயன்னு சொன்னேன். அத்தான் தெனமும் வேலை முடிஞ்சு கிளம்பும்போது உங்களுக்குப் போன் போடுதாவளே, அதப் பாக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்."

இத்தனை வருஷம் நான் அவளைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்து வெந்துகொண்டிருந்திருக்கிறாள்.

அடுப்படி அலமாரியில் அம்மன் படம் இருந்தது. விளக்கை ஏற்றினேன். மூன்று பேரும் உட்கார்ந்தோம். எனக்கு மந்திரம் எதுவும் வாயில் வரவில்லை. "தாயே, நான் கேட்டது தப்பு. ஏரி வேண்டாம். இந்த ஊர் வேண்டாம். இவளிடம் இருப்பது எதுவும் எனக்கு வேண்டாம். அவரை மட்டும் கொடு. உனக்குப் பட்டுச் சாத்துகிறேன்." வாய்விட்டு அழுதேன். கவிதா என் கையை விடவே இல்லை. "தாயே, எங்க அத்தானக் காப்பாத்து" என்று அவளும் அழுதாள்.

விளக்கில் இரண்டாம் முறை எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"செல்வி, நான்தான். ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கேன்."

ரோட்டில் கார் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கியிருக்கிறது. மேலே பனி மூடிவிட்டது. போன் சார்ஜ் தீர்ந்துவிட்டது. தோள் எலும்பில் விரிசல் விட்டு, கதவைத் திறக்கவும் முடியாமல் கிடந்திருக்கிறார். பனி தள்ளும் வண்டி ஓட்டும் ஒருவர் அந்த வழியாகப் போயிருக்கிறார். ஒன்றும் கண்ணில் படவில்லையாம். தாண்டிப் போய்விட்டு, மனசு கேட்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தாராம். ஏன் திரும்பினேன் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லையாம். எனக்குத் தெரியும்.

இவர் தோள் எலும்பு கூடும்வரை வீட்டில் இருந்தார். நானேதான் பேச்சை எடுத்தேன். "உங்க தொழிற்சாலை ஊருக்கே போயிரலாம்."

அது அழகான ஊர் என்று சொல்ல மாட்டேன். பழைய ஊர். செங்கல் கட்டடங்கள், ரயில்வே ஸ்டேஷன், தெருவெல்லாம் பிஸ்கட் வேகும் வாசனை. ஆனால் மாடி வீடு. அடுப்படியில் காலை வெயில் விழுகிறது. இவர் சாப்பாட்டுக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறார். பூரணி பஞ்சாபிப் பிள்ளைகளோடு நடந்து பள்ளிக்கூடம் போகிறாள். எனக்கும் அந்தத் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை கிடைத்தது. கவிதா சனிக்கிழமை ரயிலேறி வந்துவிடுவாள். போன மாதம் கொழுந்தனையும் இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் என் அடுப்படியில் உட்கார்ந்து தேங்காய் துருவினார். அவள் அதை வீடியோ எடுத்தாள்.

இந்தப் பங்குனித் திருவிழாவுக்கு இரண்டு குடும்பமும் ஊருக்கு வந்தோம். நேர்ந்துகொண்டபடி அம்மனுக்குப் பட்டுச் சாத்தினோம். கவிதா கட்டியிருந்த சேலை என்னுடையதைவிட நன்றாக இருந்தது. சுருக்கென்றது. ஆமாம், இன்னும் சுருக்கென்கிறது. சந்நிதியிலேயே நின்றிருந்ததால் அங்கேயே சொல்லிவிட்டேன். "தாயே, திரும்பவும் வந்துவிட்டது, பார்த்துக்கொள்."

அக்காமாரே, தங்கச்சிகளே, நீங்களும் அம்மனிடம் நல்லவள் வேஷம் போட வேண்டாம். அடுத்தவள் வீட்டைப் பார்த்து வயிறு எரிந்தால் எரிகிறது என்றே சொல்லுங்கள். எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாத எனக்கே அவள் செவி கொடுத்தாள். உங்களுக்கா கொடுக்க மாட்டாள்? நம்பிப் போய் நில்லுங்கள். என் வீட்டுக்காரரை எனக்குத் திருப்பிக் கொடுத்தவள் அவள்.