பாதத்துக்கு அடியில்

இது நடந்தது. கற்பனை வேண்டுமென்பவர்கள் வேறு பக்கம் புரட்டிக்கொள்ளலாம். மலேசியாவின் யோங் பெங்கில் நஜ்முதீனின் சாப்பாட்டுக் கடை இன்றும் இருக்கிறது. ஸ்கூடாயில் தேவானந்தனும் அவன் மனைவி தர்மினியும் குடியிருக்கிறார்கள். மூன்று பேரையும் தனித்தனியாக விசாரித்துவிட்டேன். நான்காவது ஆள் பிரேமகுமார். ஏரியின் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். உன் பெயரை மாற்றிவிடவா என்றேன். "வேணாம், அப்படியே போடுங்க," என்றான். சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிரேமகுமார் நல்லவன். ஆனால் அளப்பான். இருபத்திரண்டு வயதில் ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போனான். அங்கே ஆற்றில் ஒரு விளையாட்டைப் பார்த்தான். விசைப்படகு கயிறு கட்டி இழுக்க, காலில் பலகைகூட இல்லாமல், வெறும் பாதத்தால் தண்ணீர்மேல் சறுக்கிக்கொண்டு போகிறார்கள். இவனும் ஒரே ஒரு முறை முயன்றான். மூக்கில் தண்ணீர் ஏறி, இருமிக்கொண்டே படகில் ஏறினான். நடந்தது அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பிய பிறகு அது வளர ஆரம்பித்தது. முதலில் "நின்றேன்" என்றான். பிறகு அக்கரைவரை போனதாகச் சொன்னான். தேவானந்தன் கல்யாண விருந்தில் அது ஒற்றைக் காலில் போன கதையாகிவிட்டது. பெண்வீட்டார் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

அதோடு போயிருக்கும். போன வருஷம் நஜ்முதீன் ஒரு விசைப்படகு வாங்கித் தொலைத்தான்.

"மச்சான், போட் வந்துருச்சு. புத்தம் புதுசு. நீதான் எங்களுக்குச் சொல்லித் தரணும்லா."

பிரேமகுமார் முதுகுவலி என்றான். சிங்கப்பூர் ஆபீஸில் லீவு கிடைக்காது என்றான். எதுவும் எடுபடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேவானந்தன் காரோடு வாசலில் வந்து ஹாரன் அடித்தான். பின் சீட்டில் தர்மினி, மடியில் முறுக்குப் பொட்டலம். கிளம்ப வேண்டியதாயிற்று.

ஸ்கூடாய் நெரிசலைத் தாண்டவே நேரமாகிவிட்டது. வழியில் ஆயர் ஈத்தாமில் சாப்பிட நிறுத்தினார்கள். தேவானந்தன் கை கழுவப் போன நேரத்தில் தர்மினி மெதுவாகக் கேட்டாள்.

"பிரேம் அண்ணா, அவருக்கு நீச்சல் அவ்வளவா வராது. நீங்க இருக்கீங்கன்னுதான் சரின்னேன். ஒன்னும் ஆகாதுல்ல?"

உண்மையைச் சொல்லித் தொலைக்க அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. சாப்பாடு முன்னால் இருந்தது, கேட்டவள் நல்ல பெண், இரண்டு நாள் கேலியோடு முடிந்திருக்கும். பிரேமகுமாருக்கு வாய் வரவில்லை.

"நான் இருக்கேன்ல," என்றான்.

அன்று இரவு நஜ்முதீன் வீட்டில் தங்கினார்கள். பிரேமகுமார் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு, வெறும் பாதத்தில் எப்படி நிற்பது என்று வீடியோ பார்த்தான். மல்லாந்து படுக்க வேண்டும். படகு நல்ல வேகம் எடுத்ததும் உட்கார வேண்டும். குதிகாலை மெதுவாகத் தண்ணீரில் பதித்து எழ வேண்டும். கடவுளே, நாளைக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னை நிற்க வைத்துவிடு என்று வேண்டிக்கொண்டான். பிறகு, கடவுள் இதற்கெல்லாம் வரமாட்டார் என்று தோன்றியது. யாராவது நிற்க வைத்தால் போதும் என்று மாற்றிக்கொண்டான்.

நஜ்முதீன் விடியற்காலை சுபுஹுத் தொழுகையை முடித்துவிட்டு வண்டியை எடுத்தான். தார்ச்சாலை முடிந்து செம்மண் பாதை. இரு பக்கமும் எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனை மரங்கள். அது முடிகிற இடத்தில் ஏரி.

காலை ஆறு ஐம்பது. வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. தண்ணீர்மேல் மூடுபனி. ஓர் அலைகூட இல்லை, துடைத்து வைத்த கண்ணாடி மாதிரிக் கிடந்தது. இந்த விளையாட்டுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. செம்பனைக் காட்டில் காலையில் பறவை கத்தாமல் இருக்குமா? தர்மினிதான் முதலில் அதைச் சொன்னாள். மற்ற மூவரும் படகைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

படகைச் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தினான் நஜ்முதீன். கயிற்றைப் பின்னால் எறிந்தான். கைப்பிடி தண்ணீரில் விழுந்து மிதந்தது.

"டப்" என்றது.

கயிறு இறுகியது.

இன்னும் யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. படகும் நகரவில்லை. கயிறு மட்டும் விறைத்து நேராக நின்றது. மறுமுனை மூடுபனிக்குள் இருந்ததால் தெரியவில்லை.

"கட்டையில மாட்டியிருக்கும்," என்று நஜ்முதீன் இழுத்தான். சட்டென்று தளர்ந்தது.

ரப்பர் உடையும் லைஃப் ஜாக்கெட்டும் மாட்டிக்கொண்டு பிரேமகுமார் இறங்கினான். தண்ணீர் ஐஸ். பல் கிட்டியது. நீந்திப் போய்க் கைப்பிடியைப் பிடித்தான்.

கைப்பிடி சூடாக இருந்தது.

யாரோ இவ்வளவு நேரம் பிடித்திருந்து இப்போதுதான் விட்டதுபோல... கை ஈரத்தில் அப்படித் தெரிகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அவனுக்கு அப்போது பேய் பயம் இல்லை. மானம் போகப் போகிறதே என்கிற பயம்தான் இருந்தது.

படகு உறுமியது. மல்லாந்து படுத்தான். முதுகுக்கு அடியில் தண்ணீர் தடதடவென்று ஓடியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தான். இதோ, விழப்போகிறேன். குதிகாலைக் கீழே வைத்தான்.

விழவில்லை.

காலுக்கு அடியில் தண்ணீர் இல்லை. மெத்தென்று ஏதோ இருந்தது. குளிர்ந்து, கொஞ்சம் குழிந்து, அவன் பாதத்துக்கு அளவெடுத்ததுபோல.

எழுந்து நின்றான்.

படகிலிருந்து கூச்சல். தர்மினி போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். தேவானந்தன் இரண்டு கையையும் தூக்கி ஆடினான். பிரேமகுமாருக்குத் தலைகால் புரியவில்லை. சிரித்தான். பத்து வருஷப் பொய் உண்மையாகிவிட்டதே.

அப்போது அது அசைந்தது.

ஒவ்வொன்றாக... விரல்கள்.

வலது பாதத்தைச் சுற்றி ஐந்து. இடது பாதத்தைச் சுற்றி ஐந்து.

பயத்தில் கயிற்றை விட்டுவிட்டான். படகு மூடுபனிக்குள் போய் மறைந்தது.

இவன் மூழ்கவில்லை.

ஏரி நடுவில், கயிறு இல்லாமல், அசையாமல் நின்றுகொண்டிருந்தான்.

சத்தமே இல்லை.

கீழே பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை...

"விடு," என்றான். குரல் வரவில்லை.

விட்டது. மெதுவாக, பீங்கானைக் கீழே வைக்கிற பதத்தில் அவனைத் தண்ணீரில் இறக்கிவிட்டது.

படகு திரும்பி வந்தபோது மூவரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் தனியாக நின்றதை மூடுபனி மறைத்துவிட்டது, யாரும் பார்க்கவில்லை. தேவானந்தன் அவனைத் தூக்கிப் படகில் போட்டுக் கட்டிப்பிடித்தான். அடுத்து தன் முறை என்று லைஃப் ஜாக்கெட்டை மாட்டத் தொடங்கினான். தர்மினி பிரேமகுமாரைப் பார்த்தாள்.

"அண்ணா, பயம் இல்லையே?"

அவன் துண்டால் பாதத்தைச் சுற்றி மூடியிருந்தான். தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று சொன்னால், நின்றது நான் இல்லை என்றும் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவதைச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. கைதட்டின சூடு இன்னும் ஆறவில்லை.

"ஒன்னும் இல்லமா. தண்ணிதான் கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கு."

தேவானந்தன் இறங்கினான்.

படகு ஓட்டுகிறவன் முன்னால் பார்க்க வேண்டும். கயிற்றில் வருகிறவனைப் பார்க்க ஒருவர் பின்னால் திரும்பி உட்கார வேண்டும். அந்த வேலை பிரேமகுமாருக்கு. தேவானந்தன் கட்டைவிரலைக் காட்டினான். படகு கிளம்பியது. மல்லாந்து வந்தான். உட்கார்ந்தான். குதிகாலை வைத்த மறுகணம் குப்புற விழுந்து உள்ளே போனான்.

"நிறுத்து," என்றான் பிரேமகுமார்.

லைஃப் ஜாக்கெட் போட்டவன் உடனே மேலே வர வேண்டும். வரவில்லை.

படகு அருகில் வந்து நின்றது. வட்டமாக அலை பரவி அடங்கியது. கயிற்றின் கைப்பிடி மட்டும் மிதந்தது.

"தேவா..." தர்மினி கூப்பிட்டாள்.

மேலே வந்தது தலை இல்லை.

பாதங்கள்.

இரண்டு உள்ளங்கால்களும் பக்கத்தில் பக்கத்தில், வெள்ளையாக, தண்ணீருக்குமேலே ஒரு சாண். துடிக்கவில்லை. ஆடவில்லை. கீழே இருந்து யாரோ தூக்கிக் காட்டுவதுபோல, படகைப் பார்த்து நின்றன.

"பிரேம் அண்ணா, குதிங்க," என்றாள் தர்மினி.

அவன் படகின் கம்பியைப் பிடித்தான்.

"அண்ணா."

கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

தர்மினி குதித்தாள். செருப்போடு, சுரிதாரோடு. அவள் தண்ணீரில் விழுந்து அருகில் போனதும் அந்தப் பாதங்கள் சரிந்தன. தேவானந்தன் புரண்டு மேலே வந்து இருமினான். நஜ்முதீன் ஒரு கையால் அவனையும் மறு கையால் தர்மினியையும் இழுத்துப் போட்டான். பிரேமகுமார் அப்போதும் கம்பியை விடவில்லை. நஜ்முதீன்தான் பிறகு அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

திரும்பி வருகிற வழியில் தர்மினி அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பிரேமகுமார் நிற்கிற வீடியோவைத் தர்மினி குதிப்பதற்கு முன்பே படகிலிருந்து அனுப்பியிருந்தாள். அது குடும்ப வாட்ஸாப்பில் சுற்றியது. அம்மா பெருமையில் பூரித்துப்போனாள். ஆபீஸில் கை குலுக்கினார்கள். ஒவ்வொரு பாராட்டும் அவனைக் கூசவைத்தது. ஒன்பதாம் நாள் நஜ்முதீன் போன் செய்தான்.

"மச்சான், ஒன்னு கேக்கணும். வெறும் கால்ல நிக்க எவ்வளவு ஸ்பீடு வேணும்?"

"அறுபது, அறுபத்தஞ்சு."

"அன்னிக்கு போட்டு முப்பத்தஞ்சைத் தாண்டல. எவ்வளவு அழுத்தியும் ஏறல. இப்ப மெக்கானிக் பார்த்துட்டு, இன்ஜின்ல பாதி வேலையே செய்யலங்கிறான். புது போட்டுன்னு ஊர் பூரா சொல்லி வச்சிருந்தேன், ஓடலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. சரி, நீ விழுவ, அப்புறம் நிறுத்தலாம்னு பார்த்தேன். திரும்பினா நிக்கிற." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "எப்படிடா நின்ன?"

பிரேமகுமார் போனை வைத்துவிட்டான். அந்த ஏரியில் யாராவது இறந்திருக்கிறார்களா என்று நஜ்முதீன் பலரிடம் கேட்டுப் பார்த்தான். அப்படி யாரும் கேள்விப்படவில்லை.

போன் வந்த அன்று மாலையே பிரேமகுமார் தேவானந்தன் வீட்டுக்குப் போனான். தர்மினி கதவைத் திறந்தாள், தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், உள்ளே போய்விட்டாள்.

"நான் பொய் சொன்னேன் தேவா. ஆஸ்திரேலியாவுல நான் ஒரு தடவகூட நின்னதில்ல."

"தெரியும்லா."

"எப்பலேருந்து?"

"மொதல் நாளே. ஒவ்வொரு தடவயும் வேற மாதிரி சொல்லுவ."

"அப்புறம் ஏன்டா இறங்குன?"

தேவானந்தன் சங்கடமாகச் சிரித்தான். "அன்னிக்கு நீ நின்னத என் கண்ணால பார்த்தேன். இத்தனை வருஷம் உன்னைத் தப்பா நெனச்சிட்டேனேன்னு எனக்குத்தான் வெக்கமா போச்சு. அந்த வெக்கத்துலதான் இறங்குனேன்."

பிரேமகுமார் குறுகிப்போய்விட்டான். அழுதான். பிறகு, காலுக்கடியில் இருந்த கைகளைப் பற்றிச் சொன்னான், அங்கே ஏதோ இருப்பது தெரிந்தும் தான் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னான். தேவானந்தன் குறுக்கிடாமல் கேட்டான்.

"உனக்கும்... கைதானா?" என்றான்.

"ம்."

"என் பாதத்தைத் தடவிப் பார்த்துச்சு. ரெண்டையும். பொறுமையா, கடைக்காரன் செருப்புக்கு அளவு பாக்குற மாதிரி. அப்புறம் தலைகீழாத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. என்னைக் கொல்லணும்னு இல்லடா. யாரோ குதிச்சு வருவாங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்துச்சு." தன் கால்களை உள்ளுக்கு இழுத்துக்கொண்டான். "தர்மினி குதிச்சா. அவ கால் என் பக்கத்துல பட்டுச்சு. அதையும் தொட்டுப் பார்த்துச்சு. இதுவும் அது தேடுன கால் இல்லன்னு, ஏமாந்த மாதிரி என்னை விட்டுருச்சு."

தேவானந்தன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்வை பிரேமகுமாரின் பாதத்தில் இருந்தது.

படகிலிருந்து குதிக்காததால்தான் பிரேமகுமார் இன்று உயிரோடு இருக்கிறான். இதை என்னிடம் சொன்னவனே அவன்தான். சொல்லும்போதும் தலை நிமிரவில்லை.