சட்டைப் பையில் ஒரு காது

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காது கெட்டது எனக்கு. நான் வைத்தியம் பார்த்தது மைக்குக்கு.

தொண்ணூறுகளில் அவிநாசியில் மைக்செட் கடை வைத்திருந்தேன். காங்கேயம் பக்கம் ஒரு கல்யாணத்தில் குழாய் ஒலிபெருக்கி வீலென்று ஊளையிட, பந்தலே காதைப் பொத்திக்கொண்டது. நான் மட்டும் பெட்டிக்குப் பின்னால் புன்னகையோடு உட்கார்ந்திருந்தேன். மங்கல வாழ்த்துப் பாட வந்தவர் ஓடிவந்து தோளை உலுக்கிய பிறகுதான் ஒலியைக் குறைத்தேன். சமையல்காரருக்குத் தீய்ந்த வாடை தெரியாத கதை.

அப்போதும் பழியை மைக்கின் மேல்தான் போட்டேன். கோவைக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்த்தேன். பிறகு புதிதாகவே வாங்கினேன். புது மைக்கிலும் பெண்கள் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசினார்கள். வீட்டில் என் மனைவி சரஸ்வதியும் அப்படித்தான். குரல் வரும், சொல் வராது. திரும்பத் திரும்ப "என்ன?" என்று கேட்க வெட்கப்பட்டு, "சரி, சரி" என்று தலையாட்டப் பழகினேன். இதைப் படிக்கும் உங்களில் சிலர் இப்போதும் தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள், தெரியும்.

சரஸ்வதி மெல்லப் பேச்சை நிறுத்திக்கொண்டாள். சோறு, தண்ணீர் எல்லாம் கைஜாடைதான். அவசரமென்றால் தோளில் ஒரு தட்டு. அவள் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடப்பதைக் கடைக்கு வந்தவர் சொல்லித்தான் அறிந்தேன். அவளிடம் கேட்டேன். முன்பே சொன்னாளாம், நான் "சரி" என்றேனாம். மறுநாள் காது டாக்டரைப் பார்க்கக் கோவைக்குப் பஸ் ஏறினேன், இம்முறை மைக் இல்லாமல்.

ஆடியோகிராம் (எந்தச் சுருதி எவ்வளவு சத்தத்தில் கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுத்தார்கள். நேராக வந்த கோடு மேல்சுருதியில் கிணற்றில் விழுந்த மாதிரி சரிந்தது. காக்லியாவில் (உள்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும் உறுப்பு) உள்ள நுண்மயிர்ச் செல்கள் வருடக்கணக்கான சத்தத்தில் நைந்துவிட்டன, இனி முளைக்காது என்றார் டாக்டரம்மா. தலையிலும் முளைப்பதில்லை, பழகிவிட்டது என்றேன். அவர் சிரித்தார், பல்தான் தெரிந்தது, சத்தம் வரவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

சட்டைப் பையில் வைக்கும் காதுமெஷின் தந்தார். பெட்டிக்குள் சின்ன மைக். அதிலிருந்து காதுக்கு ஒயர். மைக் விஷயத்தில் எனக்கே பாடமா என்று சத்தம் கூட்டும் சக்கரத்தை முழுசாகத் திருப்பிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பஸ் ஹாரன், பூக்காரியின் கூவல், என் சட்டைத் துணியின் உரசல் எல்லாம் ஒரே மூட்டையாக மண்டைக்குள் விழுந்தன. திரும்ப ஓடினேன்.

"மைக்குக்கு எல்லாமே ஒண்ணுதானுங்க," என்றார் டாக்டரம்மா. "பேச்சையும் கரண்டிச் சத்தத்தையும் சேத்தேதான் புடிக்கும். நல்ல காதுன்னா சத்தம் எந்தப் பக்கம்னு சொல்லும், வேணுங்கறத மூளை பிரிச்செடுத்துக்கும். மெசினு சத்தத்த மட்டுந்தாங்க தரும். கவனிக்கறது உங்க வேலை."

எனக்குத் தெரியாததா? தாலி கட்டும் மந்திரத்தோடு, பந்தியில் ரசம் கேட்கும் குரலையும் ஊருக்கே ஒலிபரப்பியவன் நான்.

பழக மாதங்கள் ஆயின. அமைதியான அறையில், ஒருவரோடு மட்டும், முகம் பார்த்துத் தொடங்குங்கள். கல்யாண வீட்டில் தொடங்காதீர்கள். இப்போது யாராவது பேசினால் தலைக்குப் பதில் நெஞ்சை நீட்டுகிறேன். பார்ப்பவர்கள் சண்டைக்கு வருகிறேன் என்று நினைக்கிறார்கள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி விடுகிறேன், சொல் உள்ளே வந்து உட்கார. முன்பு அந்த இடைவெளியில்தான் "சரி" சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

சரஸ்வதி மறுபடி பேசுகிறாள். ஆனால் பேசுமுன், மேடையேறுகிறவர்கள் மைக்கைத் தட்டுவார்களே, அப்படி என் சட்டைப் பையை விரலால் தட்டுகிறாள். மண்டைக்குள் இடி இறங்கும். ஒருநாள் பொறுக்காமல், "ஏன் அம்மணி, காதுதான் வந்திருச்சில்ல, இன்னும் எதுக்குத் தட்டற?" என்றேன்.

"காது நல்லாருந்தப்ப மட்டும் தட்டாம திரும்பிட்டீங்களாக்கும்."