சுக்கான் தொடாத சுவர்

கோவில்பட்டியில் டிஷ் மாட்டுவதுதான் என் பிழைப்பு. எத்தனை மாடி ஏறியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் அந்த ஒரு நிமிடம் வரும்போது இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். போல்ட்டைத் தளர்த்தி டிஷ்ஷைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டிருப்பேன். சிக்னல் மீட்டர் ஊமையாகக் கிடக்கும். திடீரென்று கீச்சென்று கத்தும். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் தள்ளி, கண்ணுக்கே தெரியாத ஒரு செயற்கைக்கோள், என் கையிலிருக்கும் தகரத் தட்டுக்குப் பதில் சொல்கிறது. சாமியிடம்கூட எனக்கு இவ்வளவு சட்டென்று பதில் வந்ததில்லை.

அதனால் வானம்தான் பெரிய அதிசயம் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பை மாற்றியது விளாத்திகுளம் போகும் வழியில் ஒரு கிராமத்து வீடு.

அண்ணன் தம்பி இரண்டு பேர். நிலம் பாகம் பிரித்ததில் வாய்த்தகராறாகி, பேச்சு நின்று, இரண்டு வீட்டுக்கும் நடுவே ஆளுயரத்துக்கு ஒரு சுவர் எழும்பியிருந்தது. அண்ணன் வீட்டில் டிஷ் மாட்டப் போனேன். மாடியில் புதிதாகத் தட்டோடு பதித்திருந்தார். துளை போட்டால் ஒழுகிவிடுமாம். "அந்தச் சுவத்துல மாட்டுங்க தம்பி, எம் பக்கமா" என்றார். தலையெழுத்தே என்று மாட்டினேன்.

சித்திரையில் போன் வந்தது, படம் வரவில்லை என்று. போய்ச் சரிசெய்தேன். வைகாசியில் மறுபடி போன்.

"எந்தம்பிதான் திருகுதான்" என்றார் அண்ணன், சுவருக்கு அப்பால் கேட்கட்டும் என்றே. "தை மாசம் அவன் மவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கான். பெரியப்பன்னு நான் போய் நிப்பேன்னு நெனைக்கானா? மொதல்ல கையும் களவுமாப் பிடிக்கேன்."

அவர் மனைவி வாசல்வரை வந்து என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "அந்தப் புள்ளையத் தூக்கி வளத்ததே இவியதான். கோவத்துல பேசுதாவ. கல்யாணத்துக்குப் போகாம இருந்துட்டா, அப்புறம் சாகுற வரைக்கும் ரெண்டு வீடும் சேராது தம்பி."

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. டிஷ்ஷை இறுக்கியபின், குழாயும் பிடியும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு வெள்ளைப் பெயிண்ட் கோடு இழுத்துவிடுவோம். யாராவது கொஞ்சம் திருப்பினாலும் கோடு ஒடிந்து இரண்டாகத் தெரியும். அதைப் போட்டுவிட்டு வந்தேன். அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். எனக்கோ ஒரு குடும்பத்தைப் பிரிக்க நானே பெயிண்ட் எடுத்துக் கொடுத்தது போல இருந்தது.

ஐப்பசி மழை நன்றாகவே பெய்தது. கார்த்திகை பிறந்ததும் போன். "படம் போச்சு. கோட்டை நான் பாக்கல. நீங்களே வந்து சொல்லுங்க."

ஏணி வைத்து ஏறினேன். கீழே அண்ணன் நின்றார். அந்தப் பக்கம் தம்பி தோளில் துண்டோடு வந்து பார்த்துக்கொண்டிருந்தார். கோடு போட்டது போட்டபடி இருந்தது. போல்ட்டில் புதிதாக ஸ்பானர் பட்ட தடம்கூட இல்லை. மீட்டர் மட்டும் ஊமை.

பிறகு பையிலிருந்த தூக்குக்குண்டை எடுத்துச் சுவரின் உச்சியிலிருந்து தொங்கவிட்டேன். சுவர் தம்பி பக்கமாக மூன்று விரற்கடை சாய்ந்திருந்தது. கோடையில் அது அண்ணன் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்; அது தெரியாமல் அந்தச் சாய்வுக்கே டிஷ்ஷைத் திருத்திவிட்டுப் போயிருக்கிறேன் நான்.

"அண்ணாச்சி, இதுக்கு எவ்வளவு ஆழம் தோண்டுனீங்க?"

தம்பிதான் சொன்னார். "ரெண்டு அடி. ஒரே வாரத்துல எழுப்புனது."

கரிசல்காட்டில் பிறந்தவன் மாட்டுக்கொட்டில் கட்டினாலும், கறுப்பு மண்ணைத் தாண்டி அடியிலிருக்கும் வெள்ளைச் சுக்கான்பாறை தட்டும்வரை தோண்டாமல் கல் வைக்கமாட்டான். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிற மண், மழையில் ஊதி எதையும் தூக்கிவிடும். அது தெரியாதவர்களா இவர்கள்? கோபத்தில் கட்டிய சுவர், அவ்வளவுதான்.

ஏணியிலிருந்து இறங்க மனம் வரவில்லை. அன்றாடம் நாம் மிதிக்கிற மண், யார் கண்ணிலும் படாமல், இத்தனை செங்கல்லையும் கோடைக்கு ஒரு பக்கம் மழைக்கு ஒரு பக்கம் என்று சாய்த்துக்கொண்டிருக்கிறது. அத்தனை உயரத்தில் இருப்பதோ, பூமியோடு சேர்ந்தே சுற்றி, நம் தலைக்கு மேல் நின்ற இடத்தில் நிற்கிறது. எனக்கு வந்தது பயமா பக்தியா என்று தெரியவில்லை.

"யாரும் தொடல அண்ணாச்சி" என்றேன் கடைசியில். "மண்ணுதான் திருப்பியிருக்கு."

அண்ணன் தூக்குக்குண்டையே பார்த்தார். சுவரில் உள்ளங்கையை வைத்து ஒரு தடவை அழுத்தினார். சுவரைப் பார்த்தபடியே அப்பால் நின்ற தம்பியிடம் கேட்டார்.

"பந்தலுக்குச் சொல்லியாச்சாலே?"

தம்பி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஒங்களக் கேக்காம எப்படிண்ணே சொல்ல?"