நின்றாளா, உட்கார்ந்தாளா

என் மேசையின் பேனாத் தட்டில், குண்டூசி டப்பாவுக்கு இடப்பக்கம், ஒரு வெண்கலக் காசு இருக்கிறது. அதற்கு வேறு இடம் கிடையாது. அதை வெளியிட்டவள் இலங்கையை ஆண்ட லீலாவதி என்று, எஞ்சிய இரண்டெழுத்தைப் பார்த்து ஒரு நாணயச் சேகரிப்பாளர் சொன்னார். மூன்று முறை அரியணை ஏறி, மூன்று முறையும் இறக்கப்பட்டவள். காசில் ‘ராஜா’ என்றே போட்டுக்கொண்டவள். ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் உட்கார்ந்த உருவமும் இருக்க வேண்டுமாம். இதில் இரண்டு பக்கமும் தேய்ந்து பணியாரம்போல இருக்கும்.

இது எங்கள் மேலாளருக்குக் கீழவைப்பார் கடற்கரையில் கிடைத்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் எங்களுடையது கப்பல் ஏஜென்சி. மேலாளரை எல்லாரும் அண்ணாச்சி என்போம். கப்பல் வந்ததும் ஒருவர் ஏணி ஏறி, கேப்டனிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அண்ணாச்சி ஒருவர் பெயரைச் சொல்லிக் காசைச் சுண்டுவார். ராணி நின்றால் அவர் கப்பலுக்கு, உட்கார்ந்தால் நாற்காலிக்கு. உருவம் அண்ணாச்சி கண்ணுக்கு மட்டும் தெரியும். ஆண்களுக்கு அவள் தயங்காமல் நின்றாள். அங்கே ஒரே பெண்ணான எனக்கு, சேர்ந்த நாள் முதல் உட்கார்ந்தே இருந்தாள். “எம்மா, நான் என்ன செய்ய? ராணியே உக்காந்துட்டா” என்பார், மிகுந்த வருத்தத்துடன். கப்பல் ஏறாதவருக்குப் பதவி உயர்வு இல்லை என்பது இருவருக்குமே தெரியும்.

ஒரு நாள் நிலக்கரிக் கப்பல் வந்தபோது மற்றவர்கள் வெளியே போயிருந்தார்கள். அண்ணாச்சிக்கோ ஏணியைக் கண்டாலே தலைசுற்றும். அப்படியும் என் பெயரைச் சொல்லிக் காசைச் சுண்டினார். அது துள்ளி என் காலடியில் விழுந்தது. முந்திக்கொண்டு எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

“நிக்கா, அண்ணாச்சி.”

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். “எங்கனம்மா நிக்கா?”

“நீங்க தெனமும் பாக்குத அதே எடத்துலதான்.”

அண்ணாச்சி நெடுநேரம் ராணியைப் பார்த்தார். பிறகு ஆணியில் தொங்கிய தன் ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார். “பாத்து ஏறு. கீழ மட்டும் பாக்காத.” அந்த ஹெல்மெட் என் புருவத்துக்குக் கீழே இறங்கியதால், கீழே மட்டும்தான் பார்க்க முடிந்தது.

ஓய்வு பெற்ற அன்று காசை என் கையில் வைத்துவிட்டுப் போனார். இப்போது அவருடைய நாற்காலி என்னுடையது. யார் கப்பலுக்குப் போவது என்பதற்கு முறை வைத்திருக்கிறேன், யாரும் சுண்டுவதில்லை.

போன வாரம் அண்ணாச்சி வந்திருந்தார். காசை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு, டப்பாவுக்கு வலப்பக்கம் வைத்தார். “கண்ணு சுத்தமா தெரியலம்மா. ராணி இப்ப என்ன செய்யுதா?”

காசை இடப்பக்கம் நகர்த்தினேன். ஜன்னலுக்கு வெளியே, எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் கப்பல் ஏணியில் பாதி தூரம் போயிருந்தாள்.

“ஏறிக்கிட்டிருக்கா, அண்ணாச்சி.”