மேசையில் இரண்டு தட்டு

கல்விமாணிப் படிப்பின் கடைசி வருடத்தில், கற்பித்தல் பயிற்சிக்கு எந்தப் பாடசாலை வேண்டும் என்று கேட்டார்கள். நான் யோசிக்காமல் என் பழைய பள்ளிக்கூடத்தை எழுதிக் கொடுத்தேன். காரணம் சுத்தச் சோம்பல். வீட்டிலிருந்து நடந்தே போகலாம், துறைமுக வீதியில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம், சேலை கசங்காது. அங்கே யார் யார் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். செத்தவர்களை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதல் நாளே ஆசிரியர் அறைப் பேச்சில் செத்துப்போன ஒருவர் வந்துவிட்டார்.

"கணக்கு ரீச்சர் இருக்கேக்க இந்தப் பக்கம் ஊசி விழுந்தாலும் கேக்கும்" என்று ஒரு ஆசிரியை தேத்தண்ணி ஆற்றியபடி சொன்னார். "இப்பத்தைப் பிள்ளையள் சந்தை மாதிரி."

"நல்ல மனிசி. ஒரு பிள்ளையிலயும் கை வச்சதில்ல" என்றார் இன்னொருவர்.

உண்மைதான். கை வைத்ததில்லை. ஏசியதும் இல்லை. தரம் ஏழில் எனக்குக் கணிதம் படிப்பித்தவர் அவர். நான் பல்கலைக்கழகம் போன பிறகுதான் இறந்துபோனார். கேள்வி கேட்பார், ஒரு பிள்ளையை எழுப்புவார், பிறகு காத்திருப்பார். அவ்வளவுதான். விரல் மோதிரத்தால் மேசையில் இரண்டு தட்டு. டக், டக். அதற்குப் பிறகு துறைமுகத்தில் கப்பல் நங்கூரச் சங்கிலியை இறக்குகிற சத்தம்கூட வகுப்புக்குள் கேட்கும். மறுமொழி வரும்வரை அவர் அசைய மாட்டார். முகத்தில் கோபம் இருக்காது. கோபம் இருந்திருந்தால் அழுதாவது தப்பியிருக்கலாம்.

என்னை எழுப்பியது பின்னக் கணக்கில். அரையும் மூன்றிலொன்றும் கூட்டினால் எவ்வளவு? எனக்கு விடை தெரியும். வாய் திறக்கவில்லை. மணி அடிக்கும்வரை நின்றேன். "நாளைக்குச் சொல்லுங்கோ" என்று மென்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாளும் எழுப்பினார். அதற்கடுத்த நாளும். சப்பாத்துக்குள் கால் விரல்கள் மடங்கி மடங்கி நகம் உள்ளே குத்தியது. ஒரு நாள் என் வாய் தானாகத் திறந்தது. விடை வரவில்லை. நேற்றுத் தின்ற இடியப்பம், பக்கத்து வீட்டு நாய், அம்மாவின் புதுச் செருப்பு என்று என்னென்னவோ வந்தது. வகுப்பு சிரித்தது. நான் நிறுத்தவில்லை. இன்றுவரை நிறுத்தவில்லை. பட்டப்படிப்பில் என் குழு முழுவதும் என்னை வாயாடி என்றுதான் கூப்பிடும். அந்த வாய் எந்த வகுப்பில் பிறந்தது என்று நான் யாருக்கும் சொன்னதில்லை.

இது முடிந்துபோன சங்கதி என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை வந்தது. கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் உடனே பேசக்கூடாது, பிள்ளை யோசிக்கக் கொஞ்சம் விட வேண்டும், அதற்குக் காத்திருப்பு நேரம் என்று பெயர். எல்லோரும் குறிப்பு எடுத்தார்கள். நான் பேனாவை மூடி வைத்தேன். அந்த மனுசி செய்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது. பரீட்சையில் அதற்குப் புள்ளியும் உண்டு.

பள்ளிக்கூடத்தில் எனக்குத் தந்தது தரம் ஏழு. அதே மாடி, அதே ஜன்னல், வெளியே அதே தண்ணீர். கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிற என் பல்கலைக்கழகத் தோழிக்கு அடுத்த அறையில் விஞ்ஞானம். முதல் கிழமை முழுவதும் நான் ஓயாமல் பேசினேன். கேள்வி கேட்பேன், ஒருவரும் வாய் திறக்குமுன் நானே விடை சொல்லுவேன், அதற்கு நானே பகிடி விட்டு நானே சிரிப்பேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"நீ என்ன புள்ள, றேடியோவா?" என்றாள் இடைவேளையில். "என்ட பிள்ளையள் எல்லாம் ஒன்ட பாடத்தத்தான் படிக்குதுகள்."

"அப்ப உன்ர சம்பளத்தையும் எனக்குத் தா."

"சம்பளம் வந்தாத்தானே தாறத்துக்கு."

அந்தக் கிழமைதான் பாடத்துக்கு நான் வரைந்த பிறிஸ்டல் போர்ட் அட்டையை மான் தின்றது. எங்கள் ஊரில் வீதி வீதியாகத் திரிகிற மான்கள் பள்ளிக்கூட வளவுக்குள் வந்து சாப்பாட்டுக் கடதாசி பொறுக்குவது புதினமில்லை. ஆனால் இரவிரவாக நான் நிறம் தீட்டிய வட்டத்தைக் கீழ் விறாந்தையில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன். வந்து பார்க்க ஒரு மூலை இல்லை.

"கால்வாசி போயிட்டு" என்றாள் தோழி, போர்டைத் தூக்கிப் பார்த்து. "நல்லந்தானே. பின்னம் படிப்பிக்க வசதி."

மேற்பார்வைக்கு வந்த விரிவுரையாளர் அந்தப் போர்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என் வாயைப் பற்றித்தான் கேட்டார்.

"கேள்வி கேக்கிறீர், நல்லது. மறுமொழியையும் நீரே சொல்லுறீர். பிறகு பிள்ளையள் என்னத்துக்கு?"

"அதுகள் சொல்லுதுகள் இல்ல, சேர்."

"நீர் விட்டாத்தானே சொல்லுவினம். கேட்டுட்டு வாயை மூடிக்கொண்டு நில்லும். அடுத்த முறை வரேக்க நான் இதத்தான் பாப்பன். இது சரிவராட்டி உம்மைப் பாஸ் பண்ண எனக்கு ஏலாது."

பாஸ் இல்லையென்றால் அடுத்த வருடம் கனிஷ்ட மாணவர்களோடு திரும்பவும் முதலிலிருந்து. அதைவிட மோசமான ஒன்று இருந்தது. மௌனமாக நிற்க எனக்கு ஒருவர் மட்டும்தான் கற்றுத் தந்திருக்கிறார். நான் வாயை மூடினால் அந்த இடத்தில் வந்து நிற்கப்போவது யார் என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் பழகினேன். கேள்வியைக் கேட்டேன். நின்றேன். கழுத்து தானாகக் கொஞ்சம் சரிந்தது. "சொல்லுங்கோ" என்றேன், மெதுவாக. கண்ணாடியில் இருந்த முகத்தில் கோபமே இல்லை.

குசினிக்குள் சட்டி கழுவுகிற சத்தம் நின்றது.

"ஆரோட கதைக்கிறாய்?" என்று அம்மா கேட்டார்.

"ஒருத்தரோடயும் இல்ல. நாளைய பாடம்."

அம்மா ஈரக் கையோடு அறை வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார். என் பின்னாலும் பார்த்தார். "உன்ர கணக்கு ரீச்சர் வந்து நிக்கிற மாதிரிக் கிடந்துது. பெற்றோர் கூட்டத்தில அவ இப்பிடித்தான் என்னையும் நிப்பாட்டி வச்சுக் கேப்பா."

"என்ன கேப்பா?"

"உங்கட மகள் ஏன் கதைக்கிறேல்ல எண்டு." அம்மா திரும்பிப் போகும்போது சொன்னார், "அத விடு பிள்ள. வேற மாதிரிப் பழகு."

வேறு மாதிரி எனக்குத் தெரியாது. அடுத்த நாள் வகுப்பில் கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடினேன். பின்வரிசை சலசலத்தது. என் கை டஸ்டரை எடுத்து, மரப்பக்கத்தால் மேசையில் தட்டியது. டக், டக். நான் தட்ட நினைக்கவில்லை. இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். இந்தப் பிள்ளைகள் கணக்கு ரீச்சரைக் கண்டதே இல்லை. ஆனாலும் வகுப்பு அப்படியே அடங்கியது. ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் ஏதோ ஒரு படகின் எஞ்சின் துல்லியமாகக் கேட்டது.

நன்றாக இருந்தது. அதைத்தான் சொல்லப் பயமாக இருக்கிறது. நாற்பது வாய்கள் என் ஒரு கைக்குள் இருப்பது நன்றாக இருந்தது.

அந்த நாளிலிருந்து அவரோடுதான் வகுப்புக்குப் போனேன். மாடிப்படி ஏறும்போது எனக்குப் பின்னால் இன்னொரு சேலை உரசுகிற சத்தம் கேட்கும். நின்றால் அதுவும் நிற்கும். என் சேலைதான், வேறென்ன. ஆனால் திரும்பிப் பார்க்காமல் ஏறப் பழகிக்கொண்டேன். தோழி ஒரு நாள் என் அறை வாசலில் நின்றாள்.

"என்ன புள்ள, றேடியோ பழுதா? நீ இல்லயாக்கும் எண்டு பயந்து வந்தன்."

"இருக்கிறன்" என்றேன். அவளுக்கு அது பகிடியாகத் தெரியவில்லை போல. சிரிக்காமல் போனாள்.

விரிவுரையாளர் இரண்டாம் முறை வந்த நாளில் பாட ஒழுங்கின்படி பின்னங்களைக் கூட்டுதல். அதை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. அவர் வகுப்பின் பின்னால் ஒரு கதிரையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். நான் கேட்டேன்: அரையும் மூன்றிலொன்றும் கூட்டினால் எவ்வளவு?

டக், டக்.

ஜன்னலோரப் பிள்ளை ஒருத்தியை எழுப்பினேன். அவள் வகுப்பில் அதிகம் பேசாதவள். எழும்பினாள். கழுத்தில் கட்டியிருந்த ரையின் நுனியைப் பெருவிரலால் தேய்த்தாள். நான் காத்திருந்தேன். வகுப்பு காத்திருந்தது. பின்னால் பேனா வேகமாக எழுதுவது தெரிந்தது, எல்லாம் சரியாகப் போகிறது என்று தெரிந்தது. பிறகு அவளுடைய கால்களைப் பார்த்தேன். வெள்ளைச் சப்பாத்தின் முனை மெல்ல உயர்ந்து பதிந்தது, உயர்ந்து பதிந்தது. உள்ளே விரல்கள் மடங்குகின்றன.

இத்தனை வருடமாக நான் அந்தப் பக்கத்திலிருந்துதான் இதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று நினைத்ததே இல்லை. விடை வர வேண்டும் என்ற ஆசைதான் தெரிந்தது. கணக்கு ரீச்சருக்கும் அதுதான் தெரிந்திருக்குமா? அவர் என்னை வதைத்தாரா, அல்லது எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாரா? கேட்க ஆள் இல்லை. கழுத்து சரிந்தபடி நான்தான் நிற்கிறேன்.

கழுத்தை நிமிர்த்தினேன். மேசையிலிருந்து ஒரு கடதாசிப் பட்டியை எடுத்தேன். ஆறு சம கட்டம் போட்டு நான் வெட்டி வைத்திருந்தது. அவளிடம் போய், "இருங்கோ, சொல்ல வேண்டாம். இதில கீறிக் காட்டுங்கோ" என்றேன். சேலையை ஒதுக்கிக்கொண்டு அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் குந்தினேன். சேலையில் குந்தி எழும்புவது எவ்வளவு கேவலமான காட்சி என்று தெரியும். பின்வரிசை சிரித்தது. சிரிக்கட்டும். அவள் பென்சிலால் மூன்று கட்டத்தை நிரப்பினாள். கொஞ்சம் நிறுத்தி, இன்னும் இரண்டு. ஆறில் ஐந்து. பட்டியை என் பக்கம் தள்ளினாள். வாய் திறக்கவேயில்லை.

பாடம் முடிய விரிவுரையாளர் விறாந்தையில் சொன்னார்: "பிள்ளையிட வாயால விடை வரேல்ல. இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். நீர் இடையில விட்டுட்டீர்."

"ஓம் சேர்."

"ஆனா மேசையில அந்த ரெண்டு தட்டு, அதுக்குப் பிறகு ஒரு அமைதி. அது திறம். வகுப்பு உம்மட கையில இருந்தது. எங்க பழகினீர்?"

"இந்தப் பள்ளிக்கூடத்திலதான், சேர்."

அவர் தலையாட்டிப் பாஸ் என்றார். நன்றி சொன்னேன். அவர் படியிறங்கிப் போனார். டஸ்டரை வகுப்பிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்து திரும்பினேன்.

வாசலுக்கு வருமுன் கேட்டது. டக், டக்.

உள்ளே மௌனம். எட்டிப் பார்த்தேன். ஜன்னலோரப் பிள்ளை என் மேசைக்குப் பின்னால் நிற்கிறாள். கையில் டஸ்டர். முன்வரிசைப் பொடியன் ஒருவன் எழும்பி நிற்கிறான், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அவள் கழுத்தைக் கொஞ்சம் சரித்து அவனைப் பார்க்கிறாள். முகத்தில் கோபமே இல்லை. விளையாட்டுத்தான். ஆனால் அவனுடைய சிரிப்பு மெல்ல மெல்ல வற்றுவதை நான் பார்த்தேன்.

உள்ளே போய்ப் பேசத் தொடங்கினேன். என்ன பேசுவது என்று யோசிக்கவில்லை. என்ர பிறிஸ்டல் போர்டை மான் திண்ட கதை தெரியுமோ, கால்வாசி வட்டம், நல்ல மஞ்சள் கலர் பார்த்துத் திண்டது, மிச்சத்தை ஏன் விட்டது தெரியுமோ, கணக்குப் பிழையாம். பொடியன் முதலில் சிரித்தான். தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டான். பிறகு வகுப்பு முழுவதும் சந்தை மாதிரி இரைந்தது. மான் எது, கொம்பு வச்சதா, ரீச்சர் அடிச்சீங்களா என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். நான் எல்லாவற்றுக்கும் மறுமொழி சொன்னேன்.

ஜன்னலோரப் பிள்ளை கடைசியாகத்தான் சிரித்தாள். டஸ்டரை அவள் கையிலிருந்து வாங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. இறுக்கிப் பிடித்திருந்தாள்.