ஒருவருக்கான காற்று

இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அப்புறம் என்ன ஆச்சு?" என்பார்கள். முழுவதையும் கேட்டுவிட்டு மறுபடியும் சிரிப்பார்கள். எனக்கு அலுத்துவிட்டது. அதனால் ஒரே ஒரு முறை எழுதி வைத்துவிடுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நடந்தது எனக்கு. கூட இருந்தவன் இன்னும் உயிரோடு இருக்கிறான்... இருக்கிறான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் பைப் ஃபிட்டர். விண்வெளியில் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பனிப்பாறையில் வேலை. பனியை வெட்டி, உருக்கி, போகிற வருகிற கப்பல்களுக்குத் தண்ணீராக விற்பார்கள். ஒரு மாமனும் மச்சானும் கூட்டாக ஆரம்பித்த கம்பெனி. பிறகு அடித்துக்கொண்டு பிரிந்தார்கள். பாறைக்கு இந்தப் பக்கம் மாமன் முகாம், அந்தப் பக்கம் மச்சான் முகாம். நான் மாமன் ஆள்.

பிரிந்தவர்கள் சும்மா பிரியவில்லை. ஒருவர் சாமானை மற்றவர் திருடிவிடக் கூடாது என்று மரையைக்கூட மாற்றி வெட்டினார்கள். எங்கள் முகாமில் காற்று சிலிண்டரின் வால்வை வலது பக்கம் திருகினால் மூடும். அவர்கள் முகாமில் வலது பக்கம் திருகினால் திறக்கும். சின்னப் பிள்ளைகள்கூட இப்படிச் சண்டை போடாது. இரண்டு முதலாளிகளும் சொந்த ஊரில் மெத்தையில் தூங்குவார்கள். இங்கே நாங்கள் இரும்புத் தடியோடு காவல் நிற்போம்.

அன்றைக்கு அவர்கள் எங்கள் பெரிய குழாயை அறுக்க வந்தார்கள். நாங்கள் தடுக்கப் போனோம். யாருடைய அடி எங்கே விழுந்ததோ தெரியாது. குழாய் வெடித்தது. காலடியில் பனி பிளந்தது. எங்களில் மூன்று பேர் என் கண் முன்னாலேயே இருட்டுக்குள் பறந்து போனார்கள். நான் உருண்டு, புரண்டு, எங்கள் முகாமின் தப்பிக்கும் படகு ஒன்றுக்குள் விழுந்தேன். கதவை இழுத்தேன். மூடவில்லை. இடையில் ஒரு பூட்ஸ் கால்.

ஹெல்மெட் கண்ணாடிக்குள் இருந்த முகத்தைப் பார்த்தேன். மச்சான் முகாமின் துளை போடுகிறவன். போன தகராறில் என் தோள்பட்டை எலும்பை உடைத்தவன். ஆள் பனைமரம் மாதிரி இருப்பான், நெட்டை என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவன் கால் இருக்கும்வரை கதவு மூடாது. கதவு மூடாவிட்டால் நான் செத்தேன். அதனால் உள்ளே இழுத்துப் போட்டேன். இரக்கப்பட்டு இல்லை.

படகு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு குளியலறை அளவு. இரண்டு இருக்கைகள், ஒரு சின்ன வட்ட ஜன்னல், ஒரு சிலிண்டர். வெடிப்பில் ஹீட்டர் போய்விட்டது. ரேடியோவில் ஒரே ஒரு பதில் வந்தது. மீட்புக் கப்பல் வந்து சேர ஐந்து நாள் ஆகுமாம். சிலிண்டரில் இருந்ததோ இரண்டு பேருக்கு நான்கு நாள் காற்று. ஒருவனுக்கு என்றால் எட்டு நாள், தாராளம்.

இந்தக் கணக்கை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. இருவரும் சிலிண்டரைப் பார்த்தோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். உயிரோடு வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இந்தத் தடவை போகாதே என்று மனைவி தலைபாடாக அடித்துக்கொண்டாள். மகளுக்கு ஆறு வயது, முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. விழுவதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

ஒருவன் தூங்கினால் மற்றவன் விழித்திருந்து காற்று மீட்டரின் முள்ளைப் பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம். நான் பெரிய ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கண்ணை மூடினேன். நெட்டைக்கு இரண்டு பழக்கங்கள். மூக்கால் ஏதோ பாட்டு முனகுவான். அது ஓய்ந்தால் விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்குவான். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆரம்பிப்பான். காற்று தீர்ந்து சாவதற்கு முன்னால் இவனாலேயே செத்துவிடுவேன் என்று தோன்றும்.

ஒரு நல்ல விஷயம், முள் மெதுவாக இறங்கியது. நான் எதிர்பார்த்ததைவிட ரொம்ப மெதுவாக. சிக்கனமாக மூச்சு விடுகிறோம் என்று சந்தோஷப்பட்டேன்.

இரண்டாம் நாள் 6.10க்கு என் முறை, படுத்தேன்.

விழித்தபோது ஏதோ சரியில்லை. என்ன என்று உடனே பிடிபடவில்லை. அப்புறம்தான் உறைத்தது. சத்தம் இல்லை. சிலிண்டரிலிருந்து விடாமல் வந்துகொண்டிருக்கும் "ஸ்ஸ்ஸ்" சத்தம்... இல்லை.

பாய்ந்து போய்ப் பார்த்தேன். வால்வு இறுக்கி மூடியிருந்தது. கடிகாரத்தில் 3.20. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருக்கிறேன். நெட்டையும் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். வால்வைத் திறந்துவிட்டு அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவன் கை பனிக்கட்டி மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்தான்.

கொல்லப் பார்த்தாயா என்று கேட்டேன். அவனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. நான் படுத்ததுமே அவனுக்கும் கண்ணைச் சுழற்றியதாம். தூங்குவதற்கு முன் காற்று போதாத மாதிரி இருந்ததாம், இன்னும் கொஞ்சம் திறக்கலாம் என்று வலது பக்கம் திருகினானாம். அவனுடைய முகாம் பழக்கம்.

"கொல்லணும்னா நானும் உள்ளதானய்யா இருக்கேன்," என்றான்.

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவன் மேலா, மரையை மாற்றி வெட்டிய இரண்டு பெரிய மனிதர்கள் மேலா என்று தெரியவில்லை. திட்டித் தீர்த்தேன். திட்டி முடித்துக் களைத்து உட்கார்ந்தபோதுதான் ஒரு கணக்கு மனதில் வந்தது.

வால்வை மூடிவிட்டால் அந்தப் படகுக்குள் இருக்கும் காற்று இரண்டு பேருக்கு ஐந்து மணி நேரம் வரும். அதற்கு மேல் வராது. ஃபிட்டர் வேலையில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது.

ஒன்பது மணி நேரம்... நாங்கள் எப்படி விழித்தோம்?

நெட்டை எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். குளிர் எலும்பைக் குடைந்தது. அந்தக் குளிரில் வாயைத் திறந்தால் புகை மாதிரி ஆவி வர வேண்டும்.

அவன் வாயிலிருந்து வரவில்லை.

உற்றுப் பார்த்தேன். உதடு அசைந்தது. பேச்சு வந்தது. ஆவி இல்லை.

நான் மெதுவாகப் பின்னால் நகர்ந்தேன். முதுகு கதவில் இடித்தது. குளியலறை அளவு இடத்தில் எங்கே போவது?

அவனும் பேச்சை நிறுத்திவிட்டான். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"உனக்கு ஆவி வரல," என்றான்.

எனக்கு வருகிறது, உனக்குத்தான் வரவில்லை என்றேன். அவன் இல்லை என்றான். நான் ஆமாம் என்றேன். இரண்டு பேரும் அதற்கும் சண்டை போட்டோம். நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது. சாவு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, நாங்கள் யாருக்கு ஆவி வருகிறது என்று கத்திக்கொண்டிருந்தோம்.

கடைசியில் அவனே ஒரு யோசனை சொன்னான். ஜன்னல் கண்ணாடியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஊதிப் பார்ப்பது.

நான் இடது ஓரம். அவன் வலது ஓரம். நடுவில் ஒரு சாண் இடைவெளி.

ஊதினோம்.

என் முன்னால் கண்ணாடி சுத்தமாக இருந்தது.

அவன் முன்னாலும்.

நடுவில்...

ஒரு வட்டம் படர்ந்தது. மெதுவாகச் சுருங்கியது. மறுபடி படர்ந்தது.

நாங்கள் ஊதுவதை நிறுத்திவிட்டிருந்தோம்.

"அது என்னுது," என்றான் நெட்டை.

"என்னுது," என்றேன் நான்.

அதற்குப் பிறகு பேசவில்லை. அவன் ஒரு மூலை. நான் ஒரு மூலை. முனகல் இல்லை. சொடுக்கு இல்லை. அந்த எரிச்சல் சத்தம் வேண்டும் என்று இருந்தது எனக்கு. யாரும் தூங்கவில்லை. ஜன்னல் பக்கம் யாரும் திரும்பவில்லை.

கேட்டுக்கொண்டே இருந்தது.

ஸ்ஸ்ஸ்... சிலிண்டர்.

அதற்குள்ளே இன்னொன்று. உள்ளே... வெளியே... உள்ளே... வெளியே...

ஒரே ஒரு மூச்சு.

ஐந்தாம் நாள் கப்பல் வந்தது. நாங்கள் இருவரும் எங்கள் காலாலேயே நடந்து இறங்கினோம். மருத்துவர் நாடி பார்த்தார், ரத்தம் எடுத்தார், நாக்கை நீட்டச் சொன்னார். இரண்டு பேரும் நல்ல ஆரோக்கியம், அதிர்ஷ்டசாலிகள் என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். அவரிடம் ஆவி விஷயத்தைச் சொன்னேன். தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

படகைச் சோதித்த இன்ஜினியர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தலையை எண்ணுகிற மாதிரி, உள்ளே எத்தனை பேர் இருந்தீர்கள் என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு பேர் என்றேன். நாலாம் நாளே காலியாகியிருக்க வேண்டிய சிலிண்டரில் இன்னும் மூன்று நாள் காற்று மிச்சம் இருக்கிறது என்றார். வால்வு மூடியிருந்த ஒன்பது மணி நேரத்தைச் சொன்னேன்; உள்ளே இருந்த காற்று ஒருவருக்கு மட்டும் என்றால் பத்து மணி நேரம் வரும், அதுவும் பொருந்துகிறது என்றார்.

"கதவு மூடின நிமிஷத்துலேருந்து ஒருத்தர்தான் மூச்சு விட்டிருக்காங்க," என்றார்.

மறுநாள் போய்க் கேட்டால், மீட்டர் பழுது என்று சொல்லிவிட்டார்கள். அந்த இன்ஜினியரை வேறு கப்பலுக்கு மாற்றியாயிற்று. மாமன் கம்பெனியில் கேட்டேன், மச்சான் ஆளோடு உனக்கு என்ன பேச்சு என்றார்கள். யாரிடம் போய் முட்டிக்கொள்வது? அதோடு வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது, மறைப்பானேன். ஒருவர்தான் மூச்சு விட்டார் என்றால் அது நானாகத்தான் இருக்க வேண்டும். நான்தான் வீட்டுக்கு வந்துவிட்டேனே. மகளைத் தூக்கினேன், சாப்பிட்டேன், மனைவியோடு பழையபடி சண்டைகூடப் போட்டேன். செத்தவன் அவன்தான், பாவம், அவனுக்கே தெரியாது என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் அப்படிப் போனது. ஒரு விடியற்காலை கண் விழித்தேன். மனைவி என் மேல் குனிந்திருந்தாள். அவள் உள்ளங்கை என் மூக்குக்குக் கீழே இருந்தது. கையை எடுக்கவில்லை. அழவும் இல்லை.

"நாலு நாளா பாத்துட்டேங்க," என்றாள். "காத்தே வரல."

அன்றிலிருந்து அவள் மகளோடு பக்கத்து அறையில் படுக்கிறாள். உள்ளே தாழ் போடும் சத்தம் எனக்குக் கேட்கிறது.

கோபத்தில்தான் நெட்டைக்குப் போன் செய்தேன். அவன் நன்றாக மூச்சு விடுகிறான் என்றால் செத்தவன் நானா? அவனிடமிருந்து அந்த மூச்சை எப்படிப் பிடுங்குவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவன் எடுத்ததும் எங்கள் வீட்டு விஷயத்தை மடமடவென்று சொன்னேன். அவன், தன் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது என்றான். அவளும் கை வைத்துப் பார்த்தாளாம்.

"எனக்கும் இல்லண்ணே," என்றான். அன்றுதான் முதல் தடவையாக என்னை அண்ணே என்று கூப்பிட்டான்.

அப்புறம் கேட்டான்: "அப்ப அந்தக் காத்தை இழுத்தது யாரு?"

எனக்குத் தெரியாது. அந்தப் படகில் நாங்கள் இரண்டு பேர்தான் ஏறினோம். கதவை மூடியவன் நான்.